ஐந்தாம் சேனலில் இரைச்சல்

ராயப்பனுக்கு இரைச்சலைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. காதில் விழும் இரைச்சல் இல்லை. மொபைல் போனின் ரிசீவருக்குள், டவர் சிக்னலோடு கலந்துவிடும் இரைச்சல். டவரிலிருந்து போனுக்கு வந்து சேரும் சிக்னல் மிகச் சன்னமானது. போனுக்குள் இருக்கும் திரையும் மெமரியும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சிப்பும் போடுகிற கூச்சலில் அது சுலபமாக அமுங்கிப்போகும். அப்படி அமுங்காமல் பார்த்துக்கொள்வதற்காகப் பத்தொன்பது வருடமாக அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவந்தார். பருத்திப்பட்டிலிருந்து காலை எட்டரைக்குப் பைக்கை எடுத்தால் ஒன்பதேகாலுக்கு லேபில் இருப்பார். அவர் அளந்து சொன்ன எண்ணை அங்கே யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. அந்த அளவுக்குப் பேர் வாங்கியிருந்தார்.

போன வருடம் வயதானவர்களுக்காகப் பெரிய பட்டன் வைத்த போன் ஒன்றை வடிவமைக்கும் வேலை கம்பெனிக்கு வந்தது. ரிசீவர் சர்க்யூட்டை ராயப்பன் போட்டார். அதைப் போர்டில் வரையும் லேஅவுட் வேலை சுதாவுடையது. எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், எந்தச் செம்புக் கோடு எதன் பக்கத்தில் போகலாம், எதன் பக்கத்தில் போகக் கூடாது என்று முடிவுசெய்து வரைய வேண்டும். சுதாவுக்கு இருபத்தெட்டு வயது. கோவில்பதாகையில் வீடு. அப்பா சம்பத் இருந்தவரை பயிர் வைத்த குடும்பம். அவர் போன பிறகு அம்மாவும் அவளும்தான். இரண்டு வருடமாக கான்ட்ராக்டில் இருந்தாள். அந்த வருடம் நிரந்தரமாக்கிவிடலாம் என்று மேனேஜர் வீரராகவனிடம் ராயப்பனே சொல்லி வைத்திருந்தார். அவள் போடுகிற கோடுகளில் ஒரு ஒழுங்கு இருக்கும். பார்த்தாலே மனதுக்கு நிறைவாக இருக்கும்.

முதல் போர்டுகள் வந்தன. டவரோடு பேசும் அலைவரிசைச் சேனல்கள் எல்லாவற்றிலும் போன் நன்றாக வேலை செய்தது, ஐந்தாம் சேனலைத் தவிர. அதில் மட்டும் ரிசீவரின் திறன் எட்டு டெசிபல் குறைந்திருந்தது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இது தெரியாது. டவர் தள்ளி இருக்கும் இடத்தில், சுவர் ஓரத்தில் நின்று பேசினால் குரல் நொறுங்கி அழைப்பு அறுந்துபோகும்.

காரணம் ராயப்பனுக்கு உடனே பிடிபட்டது. போனுக்குள் இருக்கும் கடிகாரம் நொடிக்கு இரண்டு கோடியே அறுபது லட்சம் முறை துடிக்கும். அதன் முப்பத்தாறாவது மடங்கு சரியாக ஐந்தாம் சேனலின் மேலேயே போய் விழும். இது எல்லாப் போனிலும் உள்ளதுதான். அந்தத் துடிப்பு ரிசீவருக்குள் நுழையாமல் வழியை அடைப்பதுதான் வேலை. அப்படியானால் இங்கே எந்த வழியாக நுழைகிறது என்பது ஒன்றுதான் கேள்வி. வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். கடிகாரத்தின் கோடு, ரிசீவரின் வாசலுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் மீட்டிங்கில் பத்துப் பேர் இருந்தார்கள். ராயப்பன் அந்த இடத்தைக் காட்டி, லேஅவுட்டில் கவனம் போதவில்லை என்றார். சுதா எழுந்து, இரண்டுக்கும் நடுவில் இரைச்சலைத் தடுக்கும் தரைச் செம்பு முழுசாக இருக்கிறது, இரைச்சல் அந்த வழியாக வரும் என்று தனக்குத் தோன்றவில்லை என்றாள். ஒரு வாரம் கொடுத்தால் அளந்து காட்டுவதாகச் சொன்னாள்.

"அளந்து பாக்க என்னம்மா கீது? கண்ணுக்கே தெரியுதே," என்றார் ராயப்பன்.

இரண்டொருவர் சிரித்தார்கள். சுதா உட்கார்ந்துவிட்டாள். மாதக் கடைசியில் அவள் கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். ராயப்பன் லேபில் இருந்தார். அங்கேயும் வந்து, "வரேன் சார்," என்றாள். அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

அவள் இடத்துக்கு வந்த ஸ்ரீநாத் கோட்டைத் தள்ளி வைத்து மறுபடி வரைந்தான். புதுப் போர்டு வர ஒரு மாதம் ஆயிற்று. ராயப்பன் அதை வெளிச் சிக்னல் நுழையாத இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடி ஐந்தாம் சேனலை அளந்தார். அதே எட்டு டெசிபல். பெட்டியைத் திறந்து கேபிளை மாற்றி மறுபடி அளந்தார். எட்டுதான்.

பிறகுதான் அவர் உட்கார்ந்து தேடினார். இரைச்சலை மோப்பம் பிடிக்கும், சின்ன வளையம் வைத்த ப்ரோபைப் போர்டின் மேல் விரல்விரலாக நகர்த்திக்கொண்டே போனார். கடிகாரக் கோட்டின் அருகில் ஒன்றும் பெரிதாக இல்லை. ரிசீவரின் முதல் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொண்டுவரும் கோட்டின் மேல் வைத்ததும் திரையில் முள்போல ஒரு கோடு எழுந்தது. இரைச்சல் வாசல் வழியாக வரவில்லை. சோறு போடுகிற வழியாக வந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் பழைய போன்களில் எல்லாம் இரண்டு கெபாசிட்டர் இருக்கும், ஒன்று பெரிய மதிப்பு, ஒன்று சின்ன மதிப்பு. இப்படி வேகமாகத் துடிக்கிற இரைச்சலைத் தரைக்கு இறக்கிவிடுவது சின்னதுதான். பெரியதால் அது முடியாது. இந்தப் போர்டில் பெரியது மட்டும் இருந்தது. இடம் பற்றவில்லை என்று சின்னதை எடுத்தவர் ராயப்பன்.

சுதா வரைந்த பழைய கோப்பைத் திறந்தார். அந்தக் கெபாசிட்டரின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் அவள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள். பழைய போர்டுகளில் இங்கே முப்பத்து மூன்று பிகோ மதிப்பில் சின்னது ஒன்று இருக்கிறது, இதில் இல்லை, வேண்டாமா சார் என்று கேட்டிருந்தாள். கீழே அவருடைய பதில் ஒரே வார்த்தையில் இருந்தது: வேண்டாம். அப்படி ஒன்று எழுதியதே அவருக்கு ஞாபகம் இல்லை.

டப்பாவிலிருந்து ஒரு முப்பத்து மூன்று பிகோவை எடுத்தார். குருணையில் பாதிகூட இருக்காது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில், பெரிய கெபாசிட்டரின் முதுகிலேயே அதை ஏற்றிப் பற்றவைத்தார். போர்டைப் பெட்டிக்குள் வைத்து அளந்தார். ஐந்தாம் சேனல் மற்றச் சேனல்களோடு போய்ச் சமமாக நின்றது. பத்து நிமிட வேலை. 

வீரராகவன் கேட்டபோது, இரண்டாம் வடிவத்தில் சில திருத்தங்கள் செய்து சரிப்படுத்திவிட்டதாகச் சொன்னார். பொய் இல்லை. ரிப்போர்ட்டில் லேஅவுட் மேம்படுத்தப்பட்டது என்று எழுதியிருந்ததை அவர் அடிக்கவும் இல்லை. போன் தேறிவிட்டது. கேன்டீனில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளி ஆறு வாரம் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை வீரராகவனின் அறையில் ராயப்பன் உட்கார்ந்திருந்தபோது மேனேஜருக்கு ஒரு போன் வந்தது. பூந்தமல்லியில் ஒரு கம்பெனி. சுதா அங்கே போர்டு வரையும் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆள் எப்படி என்று விசாரித்தார்கள். வீரராகவன் கெட்ட மனிதர் இல்லை. நல்ல பெண், நேரத்துக்கு வருவாள், ஆனால் வரைவதில் கொஞ்சம் கவனக் குறைவு, அதனால் எங்களுக்கு ஒரு போர்டு வீணாயிற்று என்று தனக்குத் தெரிந்ததை நேர்மையாகச் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த ராயப்பன் கையை நீட்டி அந்தப் போனை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. வீரராகவன் போனை வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். இவரும் கூடவே போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ரோஸி தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆவடி தபால் ஆபீசில் கவுன்ட்டரில் இருப்பவள். குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப்போவதாக ராயப்பன் சொன்னார்.

"சாமியார் மன்னிச்சிடுவாரு. அது அவரு வேலை," என்றாள் ரோஸி. "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போங்க."

சனிக்கிழமை கோவில்பதாகைக்குப் போனார். சுதாவின் அம்மா பூங்காவனம்தான் கதவைத் திறந்தாள். ஆபீஸிலிருந்து என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "ராயப்பன் சாரா? வா சார், உக்காரு. உன்னப் பத்தித்தான் எப்பவும் சொல்லிகினு கீறா. மிஷின் கண்டுபுடிக்காதத சாரு கண்டுபுடிப்பாருன்னு." கான்ட்ராக்ட் முடிந்துபோனால் ஆபீஸ்தான் என்ன செய்யும், நீங்கள் எல்லாம் எவ்வளவோ செய்தீர்கள் என்று அவளே சமாதானம் சொன்னாள். டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். மகள் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை என்று ராயப்பனுக்குப் புரிந்தது. முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சுதா ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அரை நாள் முடிந்து வந்தவள், அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, பிறகு வெளியே போய்ப் பேசலாம் என்றாள். தெரு முனையில், கட்டி முடிக்காத ஒரு வீட்டின் நிழலில் நின்றார்கள். ராயப்பன் எதையும் மறைக்காமல் சொன்னார். ப்ரோப் வைத்தது, மஞ்சள் குறிப்பு, பூந்தமல்லியிலிருந்து வந்த போன், தான் பேசாமல் இருந்தது எல்லாம்.

"முப்பத்து மூணு பிகோவா?" என்றாள் முதலில். "போட்டதும் எட்டு டெசிபலும் திரும்ப வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா. முழுசா."

அவள் முகத்தில் ஒரு கணம் பழைய வெளிச்சம் வந்தது. பிறகு அது போய்விட்டது. அந்த வரைபடத்தைத் தன் லேப்டாப்பில் போட்டுப் போட்டுப் பார்த்து, எங்கே பிசகினோம் என்று மூன்று மாதம் தேடியதாகச் சொன்னாள். சார் சொன்னால் தப்பாக இருக்காது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாளாம்.

"இத ஆபீஸ்ல சொன்னீங்களா சார்?"

ராயப்பன் இல்லை என்று தலையசைத்தார்.

"என் மேல தப்புன்னு சொன்னது பத்துப் பேரு முன்னாடி. இல்லன்னு சொல்றது மட்டும் தெரு முனையிலயா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. போய்ட்டு வரேன்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்புங்க, இல்லனா அம்மா தேடிகினு வரும்."

திங்கட்கிழமை மீட்டிங்கில் ராயப்பன் எழுந்து சொன்னார். தவறு தன்னுடையது, சுதாவுடையது இல்லை என்றார். அறையில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்துபோன விஷயத்தை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று வீரராகவன் பிறகு தனியாகக் கேட்டார். ராயப்பன் ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதி, குறையை முதலில் கேள்வியாக எழுப்பியது சுதா என்றும், அதைத் தள்ளியது தான் என்றும் சேர்த்தார். அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னபோது எடுக்கவில்லை. பூந்தமல்லிக் கம்பெனிக்கு அவரே போன் செய்து பேசினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

வீரராகவனும் கடைசியில் மனது வைத்தார். தவறு தங்களுடையது என்றும், நிரந்தர வேலைக்கு வரலாம் என்றும் சுதாவுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் போயிற்று. பதினைந்து நாளாகப் பதில் இல்லை. ராயப்பன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபுக்கு வெளியே வந்து அவளைப் போனில் கூப்பிட்டார்.

"லெட்டர் வந்துச்சு சார். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்," என்றாள். "அது ரெண்டு நாளா யார்கூடயும் பேசல."

வேலைக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார். போனில் பள்ளிக்கூட மணி அடித்தது.

"வரல சார். கோவம்லாம் இல்ல. ரெண்டு மூணு தடவ உக்காந்து வரைஞ்சு பாத்தேன். ஒரு கோடு போட்டா, இது சரிதானான்னு பத்து வாட்டி அழிச்சு அழிச்சுப் போடறேன். முன்ன அப்படி இல்ல நானு." பிறகு, "நீங்க சாப்டீங்களா சார்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைக்கிறேன் என்றாள்.

ராயப்பன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். ரோஸி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். சுதா வேலைக்கு வரவில்லையாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார். குழாயைத் திறந்து விட்டவர், தண்ணீர் வாளி நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.