பூக்கடை வரைக்கும்

வெற்றிவேலின் இடது கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவேயில்லை. விரலை எடுக்க வேண்டிவருமோ என்ற பயத்தோடுதான் அமுதவல்லி கணவரை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனுக்கு அழைத்து வந்திருந்தாள்.

கையில் ஊசி வழியாக மருந்தை ஏற்றி, மெஷினுக்குள் ஒருமுறை அனுப்பி எடுத்தார்கள். அவ்வளவுதான். டாக்டரின் கம்ப்யூட்டரில் இரண்டு கால்களின் ரத்தக்குழாய்களும் இடுப்பிலிருந்து பாதம்வரை வெள்ளைக் கொடிகளாக இறங்கின. டாக்டர் எலும்பை மறைத்தார், படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கத்தி படாமலே ஒரு மனுஷனுக்குள் இவ்வளவு பார்க்க முடியுமா என்று அமுதவல்லி அசந்து நின்றாள். இடது தொடையில் மட்டும் கொடி நூலாக மெலிந்திருந்தது.

“அடைப்பு இங்கதான். பலூன் வெச்சுத் திறந்துடலாம்மா, விரல் தப்பிச்சிடும்,” என்ற டாக்டர், வெற்றிவேலிடம் திரும்பினார். “எவ்ளோ தூரம் நடந்தா கெண்டக்கால் வலிக்குது?”

“நெல்லித்தோப்பு பூக்கடை வரைக்கும் போவேன் சார். அங்க செத்த நின்னாதான் வலி அடங்கும்.”

அமுதவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வருஷமாக மாலை நடையில் அந்தக் கடையில்தான் நின்று அவளுக்கு மல்லிகை வாங்கித் தருகிறார். இந்த வயசிலும் பாருங்கள் என்று தெருவெல்லாம் பெருமையடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். “அப்போ பூவெல்லாம் கால்வலிக்குத்தானா?”

“நின்னதுதான் வலிக்கு. பக்கத்துலயே டீக்கட பெஞ்சு இருக்குது, அங்கயா போயி ஒக்காந்தேன்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கால் சரியானப்புறமும் நிக்கணும், சொல்லிட்டேன்,” என்றபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.