மேப்பிள் நிழலில் காட்டுப்பூண்டு

அந்த மலையூரில் காட்டுப்பூண்டு தின்றுவிட்டுப் போனால் பள்ளிக்கூடத்திலிருந்தே வீட்டுக்கு விரட்டிவிடுவார்கள். வாயை எவ்வளவு கொப்பளித்தாலும் வியர்வையில்கூட நாறும். இதெல்லாம் தெரிந்தும் டெல்ஃபி அன்று மத்தியானம் ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

பின்னே என்ன? மேப்பிள் மரத்தடியில் விதை போட்டு, அது முளைத்து, கிழங்கு திரள்வதற்குள் எத்தனை வருஷம் காத்துக் கிடந்திருக்கிறாள்! ஓரத்தில் தடித்திருந்த நாலைந்தை மட்டும் தோண்டி, பன்றிக்கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கினாள். ஒன்றைப் பச்சையாகவே கடித்தாள். காரம் மூக்கில் ஏறியது. சொர்க்கம்தான்.

சட்டியைக் கழுவும்போது நாத்தனார் ஜூவல் வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ அண்ணி! சாயங்காலம் ஆர்வில் வர்றாராம். உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருக்காரு. இன்னிக்குன்னு பாத்தா இதைத் தின்னு வைப்பீங்க?”

“எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

“பாலையாவது குடிங்க. இல்லேன்னா மனுஷன் வந்த வழியே ஓடிருவாரு.”

டெல்ஃபி பாலும் குடித்தாள், பல்லும் தேய்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆர்வில் மனைவியை இழந்தவர். அவளும் கணவனை இழந்தவள். இலையுதிர்காலம்தோறும் மூட்டை மூட்டையாகச் சருகு சுமந்துவந்து அந்தப் பூண்டுப் பாத்தியைப் போர்த்தியவர் அவர்தான். அவர் வாயைத் திறந்து கேட்கமாட்டாரா என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

அவர் வந்தபோது கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயிருந்தே பேசினாள்.

“இன்னொரு நாள் வாங்க. நான் காட்டுப்பூண்டு தின்னுட்டேன்.”

 “நம்ம பாத்தியிலயா?” என்றார் ஆர்வில்.

“ஆமா.”

“முதமுதல்ல தோண்டினதை என்னை விட்டுட்டா தின்னீங்க?”

 டெல்ஃபிக்குச் சுருக்கென்றது. பாத்தியில் முதல் பூண்டு எடுத்தால் கூடப் பாடுபட்டவரோடு உட்கார்ந்து தின்பதுதான் அந்த ஊர் வழக்கம். நாற்றத்தை நினைத்தவள் அவரை நினைக்கவில்லை. காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது. எல்லாம் போச்சு என்று கதவில் சாய்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு தட்டும் சத்தம். ஆர்வில் எதையோ மென்றபடி பேசினார்.

“கிழங்கைத் தொடலை. செடிக்கு ஒரு இலைதான் கிள்ளினேன். அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் வேணுமில்ல? இப்போ நானும் நாறுறேன். கதவைத் திற, டெல்ஃபி. கேக்க வந்ததை மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்.”

அவள் கண்ணைக்கூடத் துடைக்காமல் தாழ்ப்பாளை எடுத்தாள்.