குழப்படிக்காரியள் கிண்ணம்

சஞ்சீவன் ஆறு மணிக்கு எழும்பினான். ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் சுடவைத்தான். பல் தீட்டினான். முகம் வழிக்கவில்லை. கட்டிலின் இடப்பக்க விரிப்பு கசங்காமலே கிடந்தது. அதையும் ஒருதரம் இழுத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டான். மனைவி சிவாஜினி செத்து ஏழு மாதம்.

பாரிசின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில், இன்னும் திறக்காத நகைக்கடையின் இரும்புக் கதவில் அவள் படம் போட்ட சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய மல்யுத்தச் சோடி பேர்ளி. இருவரும் கை கட்டிக்கொண்டு முறைத்தார்கள். 'குழப்படிக்காரியள் கிண்ணம், லா கூர்னெவ்.' கீழே பிரெஞ்சில், சிவாஜினியின் கடைசி வார்த்தையாம்: 'சண்டையை விடாதே, பேர்ளி.'

இந்தக் கிண்ணப் போட்டியை நடத்துகிற ழாக்தான் நாலு வருடத்துக்கு முன் இருவரையும் சேலை கட்டி ஆடிக்கொண்டு வரச்சொன்னவன். மூன்றாம் நிமிடத்தில் தோற்கவும் சொன்னான். அந்த மேடையில் யார் தோற்பதென்று முதலாளிதான் முன்கூட்டியே சொல்வான். அவர்களோ நடு மேடையில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். எதிராளிகள் இழுத்துப் பார்த்தார்கள். பதினொரு நிமிடம் அசையவில்லை. சனம் விசிலடித்தது. ழாக் அன்றைக்கே இருவரையும் வேலையால் கலைத்துவிட்டான். இப்போது புதுப் பெட்டைகள் எல்லா மேடையிலும் அப்படி உட்காருகிறார்கள். அவர்கள் சப்பாணி கட்டியிருந்த படத்தை ழாக் பனியனில் அடித்து விற்கிறான்.

கடை வாசலில் பேர்ளி தாளும் பேனாவுமாக நின்றாள். அவன் இந்த வழியால் போவது அவளுக்குத் தெரியும்.

"அண்ணை, ஒரு சிக்னத்தூர் மட்டும். அவளின்ரை பேரைப் பாவிக்க."

"ஒட்டின பிறகோ கேக்கிறீர்?"

"ழாக் அவசரப்பட்டிட்டான்."

"உங்களைக் கலைச்ச அதே ழாக்."

"அவனை விட்டால் ஆர் எனக்கு மேடை தாறது? இந்த முழங்கால் இன்னும் ரெண்டு வருசம் தாங்கும். பிறகு கோப்பை கழுவப் போகவேண்டியதுதான்."

"உந்தக் கடைசி வார்த்தை ஆர் எழுதினது?"

"நான்தான். அவள் அப்பிடித்தானே சொல்லியிருப்பாள்?"

"நீர் அண்டைக்கு அங்கை இல்லை."

"நீங்கள் கூப்பிடேல்லை, அண்ணை."

அவன் பேனாவைப் பறித்து, சுவரொட்டியில் அந்த வரியை வெட்டினான். பளபளத்த தாளில் மை பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். கீறல்தான் விழுந்தது.

"அவள் சொன்னதைப் போடட்டும். கையெழுத்து வைக்கிறன்."

"என்ன சொன்னவள்?"

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிவாஜினி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் சொன்னான், அவள் சொன்னபடியே:

"இஞ்சேருங்கோ, முதுகு கடிக்குது. சொறிஞ்சு விடுங்கோ. அங்கையில்லை, கொஞ்சம் கீழை."