ரெங்கம்மா மேல் இறங்கியது

வண்டூர் மாரியம்மன் கோயிலில் என் அம்மா ரெங்கம்மா பதினோரு வருஷம் சாமி ஆடினாள். ஊர் அப்படித்தான் சொன்னது. நானும்தான் சொன்னேன். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு, சுனாமிக்குப் பிறகு இங்கே வந்ததும் கையும் தோளும் தன்பாட்டுக்கு வெட்டி இழுக்க ஆரம்பித்தன. எங்களுக்கு வேறென்ன தோன்றும்? வேப்பிலையைக் கையில் கொடுத்தோம், உடுக்கை அடித்தோம், குறி கேட்டோம்.

"என்னால நிறுத்த முடியலடி சித்ரா" என்பாள். ஆத்தா உக்கிரமாக இருக்கிறாள், உடுக்கையை இன்னும் ஓங்கி அடியுங்கள் என்று சொன்னது நான்தான். கடைசியில் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் எலும்பும் தோலுமாகச் செத்தாள்.

போன தை மாசம், வெங்காயம் நறுக்கும்போது என் இடது கை விரல்கள் ஆடின. அந்த ஆட்டம் எனக்கு அத்துப்படி. அம்மா என் தோளுக்குள் உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுகிற மாதிரி இருந்தது. பயத்தில் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

போர்ட் பிளேர் டாக்டர் ரத்தம் எடுத்து ப்ளேனில் மெயின்லேண்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வர இரண்டு மாசம். ஹன்டிங்டன் நோயாம். பொறுமையான மனுஷர், இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தானே செத்துப்போகிற வழி இருக்கிறதாம். வயிற்றுப் பிள்ளைக்குக் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். இடையில் உள்ள செல்கள் செத்து வழிவிட்டால்தான் விரல் பிரியும். இந்த நோயில் பழுதான ஒரு புரதம், வாழவேண்டிய மூளைச் செல்களையும் அதே வழியில் தள்ளிவிடுகிறது. ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. சாவை நிறுத்த மருந்து இல்லை. பிள்ளைக்கு வருமா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி என்றார்.

என் மகள் சங்கவிக்குப் பத்தொன்பது வயசு. கேம்பல் பே ஊரிலிருந்து சம்பந்தம் பேசுகிறார்கள்.

"கல்யாணம் முடியட்டும், பொறவு சொல்லிக்கலாம். டென்ஷன் மத் லோ, கவலப்படாத" என்றார் என் வீட்டுக்காரர் தேவேந்திரன். பொறவு என்றால் எப்போது, அவள் வயிற்றில் ஒன்று வந்த பிறகா? எரிச்சலாக வந்தது. ஆனாலும் நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும்.

ஆடி வெள்ளி மத்தியானம். கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கை நின்றபாடில்லை. எதிர்வீட்டு சுகுணா கண்டுகொண்டாள்.

"ரெங்கம்மாக்கா வந்துட்டாங்க!"

குலவை எழுந்தது. பூசாரி ராஜமாணிக்கம் உடுக்கையை எடுத்தார். யாரோ வேப்பிலையை என் கையில் திணித்தார்கள். சங்கவியை இழுத்துவந்து, விபூதித் தட்டைக் கொடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"அம்மாவுக்குப் பொறவு நீதான் பாப்பா ஆடணும்" என்று சுகுணா அவள் கன்னத்தை வழித்தாள்.

எனக்கு வந்தது சாமி இல்லை, கோபம்.

"நிறுத்துங்க! சாமி இல்ல இது, வியாதி! எங்கம்மாவுக்கும் இதுதான். மூள செத்துக்கிட்டு இருக்கு. பெத்தவகிட்டயிருந்து புள்ளைக்கு வரும்!"

உடுக்கை நின்றது. புரிந்துகொண்டார்கள் என்றே நம்பினேன். சுகுணா தடாலென்று என் காலில் விழுந்தாள்.

"யாரு வீட்டுக்கு வியாதி வரப்போவுதுன்னு சொல்லு தாயி. பொங்க வச்சிடுறோம்."

உடுக்கை முன்னைவிட ஓங்கி ஒலித்தது. கூட்டம் மொத்தமும் கும்பிட்டது.

சங்கவி கும்பிடவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆடுகிற என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதருகே வந்தாள்.

"எனக்கும் இருக்காம்மா?"

"தெரியலடி. டெஸ்ட் இருக்கு."

அவள் பிடியை விடவில்லை. அவள் விரல்கள் நடுங்கின. பயத்தில்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.