ஹாய்ஷெங் பெயருக்கு எந்த நிறம்

எங்கள் ஊர்க் கடல்முனையில் நிற்கும் கல் மண்டபத்தில் மரம் ஒரு துண்டுகூடக் கிடையாது. தூண், உத்தரம், கூரை ஓடு எல்லாமே வெளிறிய கருங்கல். கட்டியவர்கள் ஐந்து பக்கம் பைன் மரமும் பாறையும் தெரிய வைத்து, ஆறாவது பக்கத்தைத் துறைமுக வாய்க்கு நேராகத் திறந்துவிட்டார்கள். படகுக்காரர்களின் பெண்டாட்டிமார் உட்கார்ந்து ஏங்குவதற்கு நல்ல வசதி.

உத்தரங்களில், கல் வாங்கிக் கொடுத்தவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு, போய்ச் சேர்ந்தவருக்குக் கறுப்பு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை, கடலைக் காக்கும் மாட்ஸு அம்மன் பிறந்தநாளுக்கு முன்னால், நான் ஏணி போட்டு ஏறி எல்லாப் பெயருக்கும் புதுச் சாயம் பூசுவேன். யோசனை சொல்ல ஊரே வரும். ஏணி பிடிக்க ஒருத்தன் வரமாட்டான்.

இந்தத் தடவை ஜுவாங் ஹாய்ஷெங் பெயரில் வந்து மாட்டிக்கொண்டேன். அவன் படகு கடலுக்குப் போய் ஆறு வருஷம். படகும் திரும்பவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை. கீழே அவன் அப்பாவும் பெண்டாட்டி லியென்ஜுவும் நின்றார்கள்.

"கறுப்பு போடுப்பா," என்றார் அப்பா. "பேரு சிவப்பா இருக்கறவனுக்கு ஏழாம் மாசம் செத்தவங்களோட சேத்து எப்படிச் சோறு படைக்கிறது? ஆறு வருஷமா எம்புள்ள பட்டினி கெடக்கான்."

"அவரா பட்டினி கெடப்பாரு? எங்கயாவது மூக்குப்பிடிக்கத் தின்னுட்டு இருப்பாரு மாமா," என்றாள் லியென்ஜு.

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

"அடுத்த வருஷமும் சொல்லுவேன்."

"சாயமே பூசாம விட்டுரட்டுமா?" என்று சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன்.

"கல்லு குடுத்தவன் பேரு மொட்டையா நிக்கணுமா? அவன் என்ன திருடனா?" இருவரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

அப்புறம் கிழவர் கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு எழுபத்தெட்டு ஆச்சு. நானும் போயிட்டா அவனுக்கு யாரும்மா படைப்பா?" என்றவர், மருமகள் முன்னால் மண்டியிடப் போனார். அவள் பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். மேலே பார்க்காமலே, "போடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினாள்.

கறுப்பில் தூரிகையைத் தோய்த்தேன். குடும்பப் பெயரை முடித்து, அடுத்த எழுத்தில் பாதி வந்திருப்பேன்.

"வேணாம்ணே! நிறுத்துங்க!"

லியென்ஜு திரும்பி ஓடிவந்து பெஞ்சின்மேல் ஏறினாள். தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்து எட்டித் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கல் குடித்த சாயம் திரும்பி வராது. அதுதான் இந்தச் சாயத்தின் சிறப்பு என்று ஊர் முழுக்கப் பெருமை பேசியவன் நான்தான்.

"மேல சிவப்பு பூசுங்கண்ணே."

பூசினேன். கறுப்புதான் தெரிந்தது.

"இன்னொரு தடவ."

மூன்று தடவை பூசினேன். என் வாழ்நாளில் இப்படிக் கையாலாகாதவனாக நான் நின்றதே கிடையாது.

"அண்ணே, காஞ்சா சிவப்பாயிடும்ல?"

முப்பது வருஷமாக இதே வேலை செய்கிறேன். "ஆயிடும்மா," என்றேன்.

அது காய்வதைப் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.