வரலாம்

மூன்று நாளாக அதே ஒரு சொல்லுக்காகத்தான் சண்டை. கணவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. புனிதா குசினியில் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தாள்.

"சொல்லிட்டுத்தான் போகணும், சுகு. சொல்லாமப் போய்ட்டா அந்தப் பக்கம் காத்துக்கிட்டே கெடக்கும், பாவம் லா." லேப்டாப்பில் வந்த, அவனோடு வேலை செய்யும் மாதவியின் குரலில் சிரிப்பு இருந்தது.

"சொல்ல முடியாத நெலம வந்துட்டா, மாதவி?" என்றான் சுகுமாறன். அவன் குரலிலும் சிரிப்பு.

புனிதாவின் விரல் நின்றுவிட்டது. யார் யாரிடம் சொல்லாமல் போவது? யார் காத்துக் கிடப்பது?

குசினிச் சன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா வேலிமேல் சாய்ந்தாள். "என்னடி, ஒன் வீட்டுக்காரரு வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. உள்ள இவ்ளோ பேச்சா?"

"வேலக்கா. மீட்டிங்கு."

"எங்க வீட்டு ஆளும் வேலதான் செய்றாரு. லோரிகிட்ட இப்பிடிச் சிரிச்சிச் சிரிச்சிப் பேசமாட்டாரு லா."

அன்று மதியம் சோறு போடும்போது கேட்டே விட்டாள். "யாருங்க அது, சொல்லாமப் போறது?"

அவன் முதலில் விழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். ஆளில்லை, கம்ப்யூட்டர். இரண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்று தொடர்பைத் துண்டிப்பதற்குமுன் மற்றதிடம் சொல்ல வேண்டுமா என்பதுதான் வழக்கு. அந்த விதியை எழுதும் வேலை நீலாயில் இருக்கும் அவன் கம்பெனிக்கு வந்திருக்கிறது. பல நாட்டுக்காரர்களும் அதைப் படித்துத்தான் செய்வார்கள். அதனால் ஒரு சொல்கூட வழுக்கக் கூடாது.

"மஸ்ட்னு போட்டா செஞ்சே ஆகணும். ஷுட்னு போட்டா செய்யணும், ஆனா நியாயமான காரணம் இருந்தா விடலாம். மேன்னு போட்டா செஞ்சாலும் சரி, செய்யாட்டியும் சரி. மாதவி மஸ்டுங்கிறா. நான் ஷுட்டுங்கிறேன்."

கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவன் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேச்சு அவளோடுதான், ஆனால் கண்ணில் இருந்த வெளிச்சம் அவளுக்கானதல்ல. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவளுக்கு விதி புரிந்தது. புரிந்ததுதான் வினையாகிப் போனது. அதற்குப் பிறகு அவன் சொல்வதையெல்லாம் அந்த மூன்று சொல்லில் வைத்து அளக்கத் தொடங்கினாள். மந்தின் டவுன் கடைக்குப் போகணும் என்றால் "பாக்கலாம்." அம்மா வீட்டுக்கு என்றால் "பாக்கலாம்." ஆபீஸ் போகிற நாள்களில் அவன் கிளம்புகிறான் என்பது கார் உறுமும்போதுதான் அவளுக்குத் தெரியும். யாரோ ஒரு கம்ப்யூட்டர் காத்துக் கிடக்கும் என்று மூன்று நாள் வாதாடுகிற வாய்க்கு, போய்ட்டு வரேன் என்று ஒரு சொல் வந்ததில்லை. அவளால் ஒருநாளும் உச்சரிக்க முடியாத அவன் பெயரை, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கவிட்டு லேப்டாப்பில் தெரியும் அந்தப் பெண் பாதியாக நறுக்கிச் சுகு என்கிறாள்.

வெள்ளிக்கிழமை அறையிலிருந்து சந்தோஷமாக வெளியே வந்தான். "மாதவி சொன்னதுதான் சரி. மஸ்ட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நாளைக்கு அவ வீட்ல சாப்பாடு. எல்லாரும் குடும்பத்தோட வராங்க." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். "நீயும் வரலாம்."

வரலாம். வந்தாலும் சரி, வராட்டியும் சரி.

சனிக்கிழமை மாலை நீலப் புடவையைக் கட்டி, தோளில் ஊசி குத்தி, தலைவாரி, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கெளம்பலயா?"

"நான் வரலாமா, வரணுமா?"

"என்ன கேள்வி இது?" அவன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். "ஒன் இஷ்டம்."

"அவங்களோட சேந்து ஒரு வார்த்தைக்கு மூணு நாள் யோசிச்சீங்க. எனக்கு ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கார் உறுமியது. வழக்கம்போல அதுதான் அவளுக்குச் சொன்னது.

புனிதா தோள் ஊசியைக் கழற்றினாள். சன்னலுக்கு வெளியே செம்மண் சடக்கில் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. செம்பனை நிரைகள் முடிந்து பெரிய சாலை தொடங்கும் வளைவில், மறைவதற்கு முன், பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. கார் நின்றது.

கட்டில்மேல் கிடந்த கைப்பேசியில் வாட்ஸாப்பைத் தட்டித் திறந்தாள். 'அவங்க' என்று அவனை அவள் பதிந்து வைத்திருந்த பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதியது. மறுபடி நின்றது. வளைவில் சிவப்பு விளக்குகள் அணையவில்லை. முந்தானை தோளிலிருந்து நழுவாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையில் திறந்த ஊசியோடு, புனிதா அந்தச் சின்ன எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.