சரிப்படாத கல்லீரல்

1.

மருத்துவக் கல்லூரி முதல்வர் ஓய்வு பெறுகிறார், விழா மலருக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதினேன், அச்சானது. அதில் இடம் கிடைக்காமல் என் கையில் தங்கிவிட்டது இந்தக் கதை. (ஆட்களை அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டேன். தேட வேண்டாம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உயிர்களை ஏந்திய அந்த விரல்கள்—’

அடித்துவிட்டேன். முதல்வர் அம்மாள் படித்தால் சிரிப்பார்.

2.

கல்லூரி மருத்துவமனையில் கல்லீரல் மாற்று சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர் அவர். பிரிவு என்றால் ஓர் அறை, ஒழுகும் ஏ.சி., கால் ஆடும் மேசை. அப்புறம்தான் துறைத் தலைவர், முதல்வர் எல்லாம்.

“நாள் முழுக்க நின்னு ஆபரேஷன் பண்ணியிருக்கேன், கால் வலிச்சதில்ல. கமிட்டி மீட்டிங்ல உக்காந்தாத்தான் இடுப்பு விட்டுப்போகுது” என்றார்.

துறைத் தலைவராக இருந்தபோது ஒரு பள்ளி ஆசிரியை நோயாளியாக வந்தார். கல்லீரல் கிட்டத்தட்ட போய்விட்டது. தம்பி தன்னுடையதில் ஒரு பகுதியைத் தருவதாகப் பேச்சு. சோதனைகள் எல்லாம் பொருந்தின. கொடுப்பவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது விதி. கதவைச் சாத்தியதும் தம்பி அழுதுவிட்டான்.

“பயமா இருக்கு டாக்டர். என்னால முடியாது. அக்காகிட்ட எப்படிச் சொல்றது?”

“நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்.”

வெளியே வந்து அக்காவிடம் சொன்னார்: “உங்க தம்பியோட கல்லீரல் சரிப்படாதும்மா. வேற வழி பார்ப்போம்.”*

* மறுப்பவரைக் குடும்பத்தின் கோபத்திலிருந்து காப்பாற்ற இந்தத் தொழிலில் இப்படியொரு திரை போடுவதுண்டு.

3.

இங்கே அக்காவைச் சாகடிக்கலாமா என்று யோசித்தேன். கதைக்குக் கனம் கூடும். ஆனால் அவர் சாகவில்லை. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரல் கிடைத்தது. பிழைத்து, வகுப்புக்கும் திரும்பிவிட்டார்.

பிழைத்தவருக்கு ஒரே கவலை, தம்பியின் கல்லீரல். எண்ணெய் தொடாதே, வெயிலில் அலையாதே, ஓடாதே. அவன் வாயை மூடிக்கொண்டு வேகவைத்த காயைத் தின்றான். இதற்கிடையில் அவனுக்கு ஒரு பெண் அமைந்தாள். இருவருக்கும் பிடித்துவிட்டது. அக்கா பெண் வீட்டுக்குப் போய், “மறைக்கக் கூடாது பாருங்க, அவனுக்குக் கல்லீரல்ல கோளாறு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

கல்யாணம் நின்றது.

4.

அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு, அதற்குள் முதல்வராகிவிட்ட டாக்டரின் அறைக்கு வந்தார். “இவனுக்கு நல்லா வைத்தியம் பாருங்கம்மா. குணமாயிட்டா அந்த வீட்டுல மறுபடியும் பேசிப் பார்க்கலாம்.”

முதல்வருக்குச் சுலபமான வழி இருந்தது: ஒரு சோதனை எடுத்து, குணமாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“அக்கா, எனக்கு எதுவும் இல்ல. அன்னைக்கும் இல்ல. நான் பயந்துட்டேன்.”

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்தவை: அக்கா ஓங்கி அறைந்— (வேண்டாம்). அக்கா அவனைக் கட்டிக்கொண்டு— (ஐயோ, வேண்டவே வேண்டாம்).

அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லையாம். முதல்வரைப் பார்த்துக் கேட்டார்:

“அப்போ இவனுக்கு நெஜமாவே ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா.”

“சரி.”

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

5.

“அப்புறம்?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்ல போனாங்க. கதவு மூடிடுச்சு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்” என்றார் முதல்வர்.

அக்கா பெண் வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். நோயே இல்லையென்றால் கூடப்பிறந்தவளுக்கு அன்று ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். அக்காவுக்குப் பொய் வராது. தம்பி கோழை என்று சொல்லவும் வாய் வராது. எனக்கும் ஓர் அக்கா உண்டு; நான் எதை எழுதினாலும் அது அவளுடைய பதிலாகத்தான் இருக்கும். கூடப்பிறந்தவர் யாராவது உங்களுக்கு இருந்தால், அந்தப் பெண் வீட்டு அழைப்பு மணியை நீங்கள் அழுத்துங்கள்.